எட்டாயிரத்து எண்பதாம் துறை

பெட்டி வந்த அட்டையை
மான் தின்றுவிட்டது.
உட்துறைமுக வீதியில் ஓட்டோவால் இறக்கி
சேர்வரை மட்டும் மேல்மாடிக்குச் சுமந்து வைத்துவிட்டு
திரும்பி வந்து பார்க்கிறேன்,
கொம்பில்லாத ஒன்று
வாரண்டித் துண்டையும் சேர்த்து மென்றுகொண்டு நின்றது.

கொழும்பில் ஏதோ வங்கி கழித்துவிட்ட பெட்டி.
விசிறி சுழலத் தொடங்கினால்
கீழே ஐஸ் அறைக்கு இரண்டாவது மோட்டார்
பூட்டினது போல ஒரு இரைச்சல்.
யன்னலை இரண்டு விரற்கடை திறந்தால்
உப்பு வந்து குந்திவிடும்.
திறக்காவிட்டால் பெட்டி வெந்துபோகும்.
சங்கத்தலைவரின் மேசைவிசிறியை
ஒருவரிடமும் கேளாமல் தூக்கி வந்தேன்.

"என்ன பூட்டுறாய்?"
டெல்பின், கணக்குப் பார்ப்பவள்.
"டொக்கர்."
"டொக்யார்ட்டிலயா?"
இல்லை என்று வாயெடுத்தேன். பிறகு யோசித்தால்
அவள் கேட்டதும் முழுப்பிழையில்லை.
இதற்குள்ளும் துறைகள் உண்டு,
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
எட்டாயிரத்து எண்பதாம் துறையில்
கொள்கலன் ஒன்று வந்து கட்டப்போகிறது.

படிமம் என்று ஒன்றும் உண்டு.
பாடசாலையில் கவிதைக்குள் தேடச்சொல்லி
நான் ஒருநாளும் கண்டுபிடிக்காத அதே சொல்.
இங்கே தேடத் தேவையில்லை,
பெயரைச் சொன்னால் இறங்கும்.
அறுநூறு எம்பி. மழைமூட்டம் இல்லாவிட்டால்
நாற்பது நிமிடம்.

மூன்று எழுப்பினேன்.
தராசு சொல்வதைக் கேட்டு வைக்க ஒன்று,
காசு பிரிக்க ஒன்று,
விடியப்புறம் வள்ளக்காரருக்குக்
காற்று என்ன சொல்கிறதென்று குறுஞ்செய்தி போட ஒன்று.
ஒன்றின் காய்ச்சல் மற்றதுக்குத் தொற்றாது.
யன்னலுக்கு வெளியே
உலகத்துக்கே காணுமான ஆழத்தில்
கோதுமைக் கப்பல் ஒன்று தனியே நின்றது.
அன்று நான் பார்க்கத் திருகோணமலையில் இறங்கிய கொள்கலன்
என்னுடைய மூன்றும்தான்.

வெள்ளி இரவு கரண்ட் போனது.
யூபிஎஸ் பதினொரு நிமிடம் மல்லுக்கட்டியது.
சனி காலை இரண்டு எழும்பின.
தராசுக்காரன் மட்டும் மயங்கிக் கிடந்தான்.
தட்டினேன், பார்த்தேன், பொறுமை போய்
அழித்துவிட்டு அதே படிமத்தில் புதிதாய் எழுப்பினேன்.
ஏழு விநாடி.
எழும்பினான், முகம் கழுவின பிள்ளை போல,
ஒன்றும் ஞாபகம் இல்லாமல்.

மூன்று நாள் நிறை.
முப்பத்தேழு வள்ளம்.
வெளியே டிஸ்க்கில் வைக்கவேண்டியதைக்
கலனுக்குள்ளேயே வைத்திருந்தது நான்.
டெல்பின் ஒன்றும் பேசவில்லை.
போனை ஸ்பீக்கரில் போட்டு
கொப்பியில் கோடு இழுத்தாள்.

கிண்ணியாவிலிருந்து சஹாப்தீன்:
"வியாழன் நாப்பத்தொண்டரை, கும்பளா.
கூடைக்கெண்டு கழிச்ச அரைக்கிலோவ
நான் இன்னும் ஒத்துக்கொள்ளல்ல."
றெஜினோல்ட்: "கீரி, நூற்றிப்பன்னிரண்டு."
பின்னாலிருந்து ஒரு பெண்குரல்: "நூற்றிரண்டு."
"சரி, நூற்றிரண்டு."
புவனேகன் அழைப்பை எடுக்கவில்லை,
கடலில் நின்றான்.
பின்னேரம் வந்து, ஈரக்கையோடு
விரல்விட்டுச் சொன்னான்.

லொறித் துண்டுகளோடு கூட்டிப் பார்த்தோம்.
மூன்று நாளுக்கும் சேர்த்து
ஒன்பது கிலோ கூட.
"உன்ர பில்லில கழிக்கிறன்" என்றாள்.
அறக்குளா விலைக்கா கீரி விலைக்கா என்று
கேட்க எனக்குத் துணிவில்லை.

இரவு அந்த ஒரு வரியைத் திருத்தினேன்.
இடப்பக்கம் தரை, வலப்பக்கம் கலன்,
நடுவில் இரண்டு புள்ளி.
நிறையெல்லாம் திரும்ப அடித்தேன்,
சஹாப்தீனின் அரைக்கிலோவுக்குக்
குறிப்பு ஒன்றும் போட்டு.
பிறகு டெல்பினைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி
அவள் கண்முன்னே தராசுக்காரனைக் கொன்றேன்.

திரை வெறுமை.
அவள் கை கொப்பியை இழுத்து அணைத்தது.

எழுப்பினேன்.
முப்பத்தேழு வரியும் வந்தன,
கடைசியில் அந்த அரைக்கிலோ.

சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இன்னொருக்கா கொல்லு," என்றாள்,
"பாப்பம்."